ஒன்றரை வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் காய்ச்சல் அறிக்கை: எச், எல் எழுத்துகளை எப்படி வாசிப்பது?

கொக்குவிலைச் சேர்ந்த ஒரு தாய் தன் மகளின் குருதி அறிக்கையை வைத்துக்கொண்டு கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. பிள்ளைக்கு வயது ஒன்றும் நான்கு மாதமும். இரண்டு நாட்களாகக் காய்ச்சல், மூக்கு வடிகிறது, சோறு வேண்டாம் என்கிறாள், ஆனால் தாய்ப்பால் குடிக்கிறாள், காய்ச்சல் இறங்கும் நேரங்களில் விளையாடுகிறாள். இரண்டாம் நாள் மாலை எடுத்த எஃப்.பி.சி. எனும் முழுக் குருதிக்கல எண்ணிக்கை அறிக்கையில் வெண்குழியங்கள் 14,200, அவற்றில் நியூட்ரோபில் 32 வீதம், லிம்போசைட் 58 வீதம், ஈமோகுளோபின் 10.4, செங்குழியத்தின் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 68, குருதி உறைய உதவும் பிளேட்லெட் 245,000 என்றும், கூடவே செய்த, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 18 என்றும் இருக்கின்றன. வைத்தியர் பரசிற்றமோல் மட்டும் எழுதி, மறுநாள் மீண்டும் எஃப்.பி.சி. எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். அறிக்கையின் வலப்பக்கத்தில் எச், எல் என்ற எழுத்துகள் வரிசையாக நிற்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு அன்ரியோ, "இரத்தத்தில கிருமி ஏறிட்டுது, அன்ரிபயோட்டிக் குடுக்காமல் என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள்?" என்று கேட்டதில் தாய்க்கு நித்திரை இல்லை. வைத்தியர் செய்தது சரியா என்பதே கேள்வி.

சரிதான். நீங்கள் எழுதியிருக்கும் விபரங்களையும் இந்த எண்களையும் சேர்த்துப் பார்த்தால், இது பெரும்பாலும் ஒரு வைரசுக் காய்ச்சலின் தொடக்கம். இன்று அன்ரிபயோட்டிக் தேவைப்படும் அறிகுறி எதுவும் இதில் இல்லை. மறுநாள் மீண்டும் குருதி எடுக்கச் சொன்னதும் அலட்சியத்தால் அல்ல. ஒரு பிள்ளையின் குருதி அறிக்கை அவளுடைய வயது, காய்ச்சலின் எத்தனையாவது நாள், முந்தைய எண் என்ன என்ற மூன்றும் தெரிந்தால்தான் பொருள் தரும். உங்கள் கையிலிருக்கும் தாளில் முதலாவது மட்டும் மேல்மூலையில் அச்சாகியிருக்கிறது, மற்ற இரண்டும் இல்லை.

முதலில் அந்த எச், எல் எழுத்துகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எண் ஒரு குறித்த எல்லைக்கு மேலே போனால் எச் என்றும், கீழே போனால் எல் என்றும் இயந்திரம் தானாக இடுகிறது. அந்த எல்லை பல ஆய்வுகூடங்களின் அறிக்கைகளில் வளர்ந்தவர்களுக்குரியதாகவே அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் தாளிலும் வெண்குழியத்துக்கு எதிரே 4,000 முதல் 11,000 வரை என்று இருந்தால் அது உங்களுக்கும் எனக்கும் உரிய எல்லை, உங்கள் மகளுக்கு உரியது அல்ல. பிறந்த அன்று ஒரு குழந்தையின் வெண்குழிய எண்ணிக்கை 30,000 வரை இருந்தாலும் இயல்பே. ஒரு வயதளவில் 6,000 முதல் 17,500 வரையும், நான்கு வயதளவில் 5,500 முதல் 15,500 வரையும் இயல்பென்று கொள்ளப்படுகிறது. ஆகவே 14,200 என்பது அவளுடைய வயதுக்குள் அடங்கிய எண். ஊசி கண்டு பிள்ளை வீரிட்டு அழுது கைகால் உதறும்போதும், குருதிக்குழாய்களின் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் வெண்குழியங்கள் ஓட்டத்தில் கலந்து எண்ணிக்கையைச் சற்று உயர்த்துவதுண்டு. இழுப்புக்காகப் பிரெட்னிசொலோன் கொடுக்கப்பட்ட பிள்ளையிலும் நியூட்ரோபில் ஏறும்; அண்மையில் அப்படி ஏதேனும் மருந்து கொடுத்திருந்தால் வைத்தியரிடம் சொல்லத் தவறாதீர்கள்.

நியூட்ரோபில் குறைவு, லிம்போசைட் கூடுதல் என்ற இரண்டு எழுத்துகளும் இதைவிடப் பெரிய பயத்தைக் கிளப்புகின்றன, ஆனால் இதைவிடவும் பொருளற்றவை. பிறந்து சில நாட்களுக்குள் லிம்போசைட் நியூட்ரோபிலை முந்திவிடுகிறது. ஏறத்தாழ நான்கு, ஐந்து வயதில்தான் நியூட்ரோபில் மீண்டும் முன்னுக்கு வருகிறது. இடைப்பட்ட காலம் முழுவதும் லிம்போசைட்டே பெரும்பான்மை, ஒரு வயதில் 60 வீதம் வரை இருப்பது வழமை. அதாவது 32, 58 என்ற இந்தப் பங்கீட்டைச் சுகமாக ஓடித்திரியும் அதே வயதுப் பிள்ளையிலும் காணலாம். வீதத்தைப் பார்த்துக் கலங்குவதற்குப் பதிலாக எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 14,200இல் 32 வீதம் என்றால் 4,544 நியூட்ரோபில்கள். 1,500க்குக் கீழே இறங்கினால்தான் குறைவு என்கிறோம், 500க்குக் கீழே போனால்தான் உண்மையாகவே அஞ்சுகிறோம். வைரசுக் காய்ச்சலின் பின்பகுதியில் இந்த எண் 1,000 அளவுக்கு இறங்கி, பிள்ளை தேறிய சில வாரங்களில் தானாக ஏறுவதைச் சிறுவர் விடுதிகளில் அடிக்கடி பார்க்கிறோம். நாளைய அறிக்கையில் அது குறைந்திருந்தால் உடனே புற்றுநோய் வரை யோசிக்க வேண்டாம். அந்தச் சந்தேகம் எழுவது, ஈமோகுளோபின், நியூட்ரோபில், பிளேட்லெட் ஆகிய மூன்றும் சேர்ந்து விழும்போதோ, நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதும் குருதிப்படத்தில் முதிராத கலங்கள் தென்படும்போதோ, பிள்ளை வெளிறிக் கண்டல் காயங்களோடு வாரக்கணக்காக வாடும்போதோதான்.

பக்ரீரியாத் தொற்றைச் சுட்டும் படம் வேறாக இருக்கும். மொத்த எண்ணிக்கை 15,000ஐத் தாண்டி, இந்த வயதில் பின்னுக்கு நிற்க வேண்டிய நியூட்ரோபில் 70, 80 வீதமாக முன்னுக்கு வந்து, ஆய்வுகூடத்தார் நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதும் குருதிப்படத்தில் முதிராத நியூட்ரோபில்கள் இருப்பதாகவோ, நச்சுத் துகள்கள் தெரிவதாகவோ குறிப்பிடப்பட்டிருந்தால் வைத்தியர் நிமிர்ந்து உட்காருவார். எண்ணிக்கை 5,000க்குக் கீழே விழுந்து பிள்ளையும் சோர்ந்து கிடந்தால் இன்னும் கூடுதலாகக் கவலைப்படுவார், ஏனென்றால் கடுமையான தொற்றில் வெண்குழியங்கள் உற்பத்தியாவதைவிட வேகமாகச் செலவாகிவிடுவதுண்டு. நெருப்புக் காய்ச்சலில் (டைபொயிட்) எண்ணிக்கை ஏறாமல் இயல்பாகவோ குறைந்தோ இருக்கலாம். இயோசினோபில் எனும் வெண்குழிய வகை அறவே காணாமல் போயிருப்பது அங்கே ஒரு சிறு துப்பு.

இனி சி.ஆர்.பி. 1930இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில், நியூமோனியா நோயாளரின் சீரத்தில் அந்தக் கிருமியின் சீ எனப்பட்ட ஒரு கூறோடு சேர்ந்து படியும் பொருளொன்றாக இது கண்டறியப்பட்டது. பெயரும் அதிலிருந்தே வந்தது. அதனால் இது நியூமோனியாக் கிருமியைக் காட்டும் சோதனை என்று பொருளல்ல. உடலில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் ஈரல் சுரக்கும் புரதம் இது. என்ன கிருமி, எந்த இடம் என்ற இரண்டையும் இது சொல்லாது. காய்ச்சல் தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்தே ஏறத் தொடங்கி, இரண்டாம் நாளளவில் உச்சிக்குப் போகிறது; காரணம் நீங்கியதும் ஏறத்தாழ 19 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இந்த நேரக்கணக்கே அதன் பலமும் பலவீனமும். காய்ச்சல் தொடங்கிய நான்காவது மணித்தியாலத்தில் எடுத்த சி.ஆர்.பி. 3 என்று வந்தால் அதை நம்பி ஆறுதல் அடைய முடியாது. இரண்டு நாள் கடந்த பிள்ளையில் 18 என்று வருவதோ ஓரளவு ஆறுதலான செய்தி, ஏனெனில் கடுமையான பக்ரீரியாத் தொற்றாக இருந்தால் இந்நேரம் அது பெரும்பாலும் எவ்வளவோ மேலே போயிருக்கும்.

பொதுவாக 20க்குக் கீழே இருந்தால் கடும் பக்ரீரியாத் தொற்றுக்கு வாய்ப்புக் குறைவு, 80, 100 எனத் தாண்டினால் வாய்ப்பு அதிகம், இடையில் கிடப்பது பிள்ளையைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டிய பகுதி. மேல்முனையிலும் விதிவிலக்கு உண்டு: அடினோவைரசு தொண்டையையும் கண்ணையும் தாக்கும்போது சி.ஆர்.பி. 100ஐத் தொடுவதும், அன்ரிபயோட்டிக் இல்லாமலே பிள்ளை தேறுவதும் புதுமை அல்ல. தடுப்பூசி போட்ட மறுநாளும் அது சற்று ஏறும். இன்னொன்றையும் தாளில் சரிபாருங்கள். சில ஆய்வுகூடங்கள் ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்றும், சில ஒரு டெசிலீற்றரில் எத்தனை என்றும் எழுதுகின்றன. முதலாவதில் 18 என்பது இரண்டாவதில் 1.8. இரு வேறு இடங்களில் செய்த அறிக்கைகளை ஒப்பிட்டு "பத்து மடங்கு ஏறிவிட்டது" என்று ஓடி வருவோர் உண்டு. இயலுமானவரை ஒரே ஆய்வுகூடத்திலேயே செய்யுங்கள்.

அப்படியானால் நாளை ஏன் மீண்டும் ஊசி? டெங்குவுக்காக. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி மழை தொடங்கித் தை மாதம் வரை காய்ச்சலோடு வரும் எந்தப் பிள்ளையையும் டெங்கு இல்லையென்று தெரியும்வரை டெங்கு என்றே எண்ணிப் பார்ப்பது எங்கள் பழக்கம். 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு சந்தேக நோயாளராகப் பதிவான அனுபவத்துக்குப் பிறகு இதில் யாரும் துணிந்து விளையாடுவதில்லை. டெங்குவில் முதல் இரண்டு நாள் அறிக்கை முற்றிலும் இயல்பாக இருக்கக்கூடும். மூன்றாம் நாளளவில் வெண்குழியம் 5,000ஐ நோக்கி இறங்கும். அதைத் தொடர்ந்து பிளேட்லெட் 150,000க்குக் கீழே சரியும். அது 100,000ஐ நெருங்கும்போது குருதிக்குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியும் ஆபத்தான கட்டம் தொடங்கக்கூடும். அப்போது குருதி தடித்து, குருதியில் செங்குழியங்களின் வீதத்தைக் காட்டும் பி.சி.வி. எனும் எண் மேலே போகும். பிள்ளையின் வழமையான பி.சி.வி. 33 என்றால் அது 40க்கு ஏறுவது, அதாவது ஐந்திலொரு பங்கு கூடுவது, கசிவு நடக்கிறது என்பதற்கான அடையாளம். இன்றைய அறிக்கையிலுள்ள பி.சி.வி.யும் பிளேட்லெட்டும் வீணல்ல, நாளையும் மறுநாளும் வரப்போகும் எண்களை அளப்பதற்கான அடிக்கோடு அவைதான். ஆகவே இந்தத் தாளை எறிந்துவிடாமல் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் தொடங்கிய திகதியையும் நேரத்தையும் தாளின் தலைப்பிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். விடுதியில் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான், பதற்றத்தில் வரும் பெற்றோர் மறந்துபோவதும் அதைத்தான்.

டெங்குவின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது. "காய்ச்சல் விட்டிட்டுது, இனி ஏன் ஊசி குத்துவான்" என்று மூன்றாம் நாள் பரிசோதனையைத் தவிர்த்துவிட்டு, நான்காம் நாள் கைகால் குளிர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் எங்களைக் கலங்க வைக்கும் காட்சி. தயவுசெய்து அந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். டெங்கு வைரசின் புரதத்தைக் குருதியில் தேடும் என்.எஸ்.1 சோதனை முதல் சில நாட்களுக்குள் செய்தால் பயன் தரும். இருக்கிறது என்று வந்தால் நம்பலாம், இல்லை என்று வந்தால் டெங்கு இல்லை என்று முடிவுகட்ட முடியாது, எஃப்.பி.சி.யைத் தொடர்ந்து பார்க்கத்தான் வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், பிள்ளையின் எடைக்கு வைத்தியர் கணக்கிட்ட அளவில், ஆறு மணித்தியால இடைவெளியில் கொடுங்கள். இபுபுரூபன், மெபனமிக் அசிற், அஸ்பிரின் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். டெங்குவாக இருந்தால் குருதிக்கசிவை அவை மோசமாக்கும். ஜீவனி (வாய்வழி நீரேற்றும் உப்புக்கரைசல்), கஞ்சி, இளநீர், தாய்ப்பால் எல்லாம் நல்லவை. சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள், வாந்தியில் குருதி வந்தால் இனங்காண முடியாமல் போகும். பப்பாசி இலைச் சாற்றைக் குழந்தைக்குப் பருக்கி வாந்தி எடுக்க வைப்பதால் உடலிலிருக்கும் நீரும் போகிறதே தவிர, கசிவு நிற்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். பிளேட்லெட் திடீரென 60,000 என்று வந்து, பிள்ளையோ சிரித்து விளையாடிக்கொண்டிருந்தால், குருதி எடுத்த விதத்தையும் சந்தேகிக்கலாம். சின்னக் கையில் நரம்பு அகப்படாமல், துளித்துளியாகப் பிழிந்து ஊதா மூடிக் குழாயில் சேர்க்கும்போது குருதி நுண்ணியதாக உறையத் தொடங்கிவிடும். ஒன்றோடொன்று ஒட்டிய பிளேட்லெட்டுகளை இயந்திரம் எண்ணாமல் விட்டுவிடும். குருதிப்படத்தில் பிளேட்லெட்டுகள் கும்பலாக உள்ளன என்று ஆய்வுகூடத்தார் குறித்திருப்பார்கள். அப்போது மறுபடி எடுத்துப் பார்ப்பதே வழி. டெங்குக் காலத்தில் அந்த மறுபரிசோதனை அன்றைக்கே நடக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு மூக்கு வடிவதால் காய்ச்சலுக்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படித் தெரியாமல், காய்ச்சல் மூன்றாம் நாளையும் கடந்து நீடித்தால், குருதியைவிடச் சிறுநீரே முக்கியமான சோதனை. இந்த வயதுப் பிள்ளைகளில், சிறப்பாகப் பெண்பிள்ளைகளில், காரணம் புலப்படாத காய்ச்சலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பக்ரீரியாத் தொற்றுகளில் முதலிடம் சிறுநீர்த் தொற்றுக்கே. இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் எடுக்கும் விதத்தில்தான். பையை ஒட்டி வைத்துச் சேர்த்தால் தோலிலுள்ள கிருமி கலந்து, இல்லாத தொற்று இருப்பதாகக் காட்டும். வயிறு நிறையப் பால் கொடுத்து, பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்து, பிள்ளையை மடியில் கால்களை விரித்து இருத்திக்கொள்ளுங்கள். ஆய்வுகூடம் தந்த கிருமி நீக்கிய போத்தலின் உட்புறத்தில் விரல் படாமல் திறந்து பிடித்துக் காத்திருங்கள். முதலில் வரும் சில துளிகளை விட்டுவிட்டு நடுத்தாரையைப் பிடித்து, தாமதிக்காமல் ஆய்வுகூடத்தில் கொடுங்கள். அரை மணித்தியாலம் போகலாம், அம்மாவின் சட்டையும் நனையலாம், ஆனால் அந்த ஒரு போத்தல் பிள்ளையைத் தேவையற்ற மருந்திலிருந்தோ தவறவிட்ட தொற்றிலிருந்தோ காப்பாற்றும்.

அன்ரிபயோட்டிக்கை "எதற்கும் இருக்கட்டும்" என்று தொடங்குவதை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்பதற்கான முதன்மைக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பாமசியில் வாங்கி இரண்டு வேளை கொடுத்துவிட்டாலே, சிறுநீரிலும் குருதியிலும் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைகள் பொய்த்துவிடக்கூடும். குருதி வளர்ப்புச் சோதனைக்கு மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்த குருதியே வேண்டும். மூளைக்காய்ச்சல் போன்ற பெருந்தொற்று அரைகுறையாக அமுங்கி, அடையாளம் மறைந்து, இனங்காணப் பிந்துவதும் உண்டு. வைரசுக் காய்ச்சலோடு வரும் தோற்புள்ளிகளை மருந்து ஒவ்வாமை என்று பதிந்துவிட்டால், பின்னாளில் உண்மையாகவே தேவைப்படும் நேரத்தில் அமொக்சிசிலினைக் கொடுக்க எல்லோரும் தயங்குவார்கள். உங்கள் மகளின் வயதில் மூன்று, நான்கு நாள் கடுங்காய்ச்சல் அடித்து, அது விட்ட அன்றே உடம்பில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் பரவும் வைரசு நோயொன்று மிகச் சாதாரணம். இடையில் மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் பழி மருந்தின் மேல் விழும்.

இவ்வளவு சொன்ன பிறகும், எண்கள் நல்லாக இருக்கின்றன என்பதற்காகப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் விட்டுவிடக்கூடாது. கடும் தொற்றின் முதல் மணித்தியாலங்களில் எஃப்.பி.சி.யும் சி.ஆர்.பி.யும் இயல்பாகவே வரலாம். பிள்ளை எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடந்தால், பால் குடிக்க மறுத்தால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், அமைதியாக இருக்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 40ஐத் தாண்டினால், வாந்தி நிற்காவிட்டால், கைகால் குளிர்ந்து தோல் திட்டுத்திட்டாக மாறினால், வலிப்பு வந்தால், அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றினால், அறிக்கைக்குக் காத்திராமல் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ கொண்டு செல்லுங்கள்; வாகனம் இல்லாவிட்டால் 1990ஐ அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் சேவைக்குப் பணம் இல்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே வேறு எந்த எண்ணும் பார்க்காமல் வைத்தியசாலைதான். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்து, கண்ணும் உதடும் சிவந்து, சி.ஆர்.பி. ஏறிக்கொண்டே போனால் கவசாக்கி நோயையும், காதின் பின்புறத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ கறுத்த காய்ந்த புண் ஒன்று தென்பட்டால் உண்ணிக் காய்ச்சலையும் வைத்தியர் யோசிக்க வேண்டும். அந்தப் புண்ணை முதலில் காண்பது குளிப்பாட்டும் கையாகவே இருக்கும், கண்டால் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் அறிக்கையில் பொருளுள்ள ஓர் எல் இருக்கிறது, அதைப் பக்கத்து வீட்டாரும் கவனிக்கவில்லை. ஈமோகுளோபின் 10.4, எம்.சி.வி. 68 என்பவை இந்த வயதுக்கும் சற்றுக் குறைவே. காய்ச்சல் தானும் ஈமோகுளோபினைக் கொஞ்சம் இறக்கும். ஆனால் செங்குழியங்கள் சிறுத்திருப்பது இரண்டு நாளில் நடக்கும் காரியமல்ல, அது மாதக்கணக்கான இரும்புச்சத்துக் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். அவசரமில்லை. காய்ச்சல் விட்டு இரண்டு, மூன்று வாரம் கழித்து எஃப்.பி.சி.யை மீண்டும் செய்யுங்கள். அப்போது பிளேட்லெட் 500,000க்கு மேல் இருந்தால் திடுக்கிட வேண்டாம். தொற்றிலிருந்து தேறும் பிள்ளையிலும் இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையிலும் அது ஏறுவது வழமை. அதற்கிடையில் தேத்தண்ணீர் பருக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் நிறுத்துங்கள், அது உணவிலுள்ள இரும்பை உடல் எடுக்கவிடாது. மசித்த சோற்றோடு ஈரல், மீன், நெத்தலி, பருப்பு, முருங்கையிலை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, மேலே நாலு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விடுங்கள். மறு அறிக்கையிலும் குறைவு என்றால் வைத்தியர் இரும்புப் பாணி எழுதுவார். ஒரு மாதத்தில் ஈமோகுளோபின் ஏறத்தாழ 1 கிராம் கூடினால் காரணம் அதுதான் என்பது உறுதியாகும். எண் சரியாகிவிட்டது என்று அத்தோடு நிறுத்தாமல், உடலின் சேமிப்பு நிரம்பும்வரை இன்னும் இரண்டு, மூன்று மாதம் கொடுக்க வேண்டும். ஈமோகுளோபின் கூடாவிட்டால், பரம்பரையாக வரும் குருதிச்சோகையான தலசீமியாவின் கூறு உண்டா என்று பார்க்கும் சோதனையை அவரிடம் நீங்களே கேட்கலாம்.